செவிகொடுத்தோர் சரித்திரம்

உடற்பிணியை மறைக்காத நம்மவர் உளப்பிணியை மறைப்பர். காய்ச்சல் கண்ட பிள்ளையை உடனே பரியாரியாரிடம் அழைத்துச் செல்லும் அதே வீட்டில், பல நாள் உண்ணாமலும் உறங்காமலும் ஒடுங்கியிருக்கும் பிள்ளையைப் "படிக்கப் பஞ்சிப்படுகிறான்" என்று ஏசுவதும் உண்டு. பரீட்சைப் பயம், வேலையின்மை, குடும்பத்தாரின் எதிர்பார்ப்பு, காதல் முறிவு, போரும் இடப்பெயர்வும் விட்டுச்சென்ற வடு ஆகிய பலவும் இன்று இளையோர் நெஞ்சை அழுத்துகின்றன. இத்தகைய துயரை முன்னையோர் எவ்வாறு நோக்கினர், எவ்வழியால் அது தணிந்தது என்பவற்றைச் சரித்திர வாயிலாக ஆராய்தல் வாலிபர்க்கும் பெரியோர்க்கும் ஒருங்கே பயன் தருமென எண்ணுகின்றோம்.

முதற்கண் நமது சமய வரலாற்றையே நோக்குவோம். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் சுவாமிகள் அருளிய பெரியபுராணத்தில், திலகவதியார் என்னும் இளம்பெண்ணின் துயர் பேசப்படுகின்றது. தந்தையார் இறந்தார், தாயாரும் உடன் மறைந்தார், மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். அடுக்கி வந்த இழப்புக்களால் அப்பெண் தம் உயிரையும் விடத் துணிந்தார். அவ்வேளை அவரைத் தடுத்தவர் யார்? அறிஞரல்லர், முதியோருமல்லர். தம்பியாராகிய மருணீக்கியார் என்னும் சிறுவரே. அவர் உபதேசம் எதுவும் செய்திலர். தமக்கையாரின் அடியில் வீழ்ந்து, தமக்கு இனி வேறு துணையில்லை என்பதைச் சொல்லி அழுதார். தம்பிக்காகத் திலகவதியார் உயிர் தாங்கினார். பின்னர் அத்தம்பியாரே சமணம் புகுந்து, சூலைநோயால் வருந்தி, இரவிலே தமக்கையாரை நாடி வந்தபோது, அவர் பழையதைக் கிளறாது திருநீறு அளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். திருநாவுக்கரசர் நமக்குக் கிடைத்தது, ஒருவரையொருவர் கைவிடாத இவ்விருவராலேயே என்க.

இவ்வன்புநெறி சட்டத்தில் இடம்பெற நெடுங்காலம் சென்றது. ஆங்கிலேயர் ஆட்சியில், 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தன்னுயிரை மாய்க்க முயன்றவரைக் குற்றவாளியாகவே கொண்டது. ஓராண்டு வரை மறியலுக்கும் இடமளித்தது. வாழ்வே பாரமென்று வாடியவருக்குப் பொலிசும் நீதிமன்றும் புதிய பாரமாயின. அச்சட்டத்துக்கும் ஊராரின் பழிச்சொல்லுக்கும் அஞ்சி வாய் திறவாதிருந்தோரும் உளர். தண்டனை துயரை நீக்காது. அதனை மறைக்கவே கற்பிக்கும்.

மேல்நாட்டிலும் நிலைமை இதுவேயாக இருந்தது. இங்கிலாந்திலே 1935 ஆம் ஆண்டு, சாட் வாரா என்னும் இளம் பாதிரியார் தாம் நடத்திய முதலாவது அடக்கச் சடங்கிலே பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியை மண்ணுக்களித்தார். பருவமெய்தியதைக் கொடிய நோயென அஞ்சிய அப்பேதை, கேட்பதற்கு ஒருவருமின்றி உயிர் துறந்தாள் என்பதறிந்து அவர் நெஞ்சு உருகினார். அந்நினைவு மாறாமலே, 1953 இல் இலண்டன் மாநகரத் தேவாலயம் ஒன்றில், துயருற்றோர் தொலைபேசியில் அழைக்கவும் நேரில் வரவும் வகைசெய்தார். அவரைக் காண வந்து காத்திருந்தோருக்குத் தேநீர் கொடுத்து உடனிருக்கச் சில தொண்டர் முன்வந்தனர். அங்கே ஒரு புதுமை விளைந்தது. தொண்டரிடம் மனம்விட்டுப் பேசிய பலர், பாதிரியாரைக் காணாமலே ஆறுதலடைந்து திரும்பினர். பொறுமையோடு கேட்பதே மருந்தாகும் என்பது அங்கே புலனாயிற்று. அதுவே சமாரித்தர் இயக்கமாக வளர்ந்தது. 1961 இல் இங்கிலாந்தின் சட்டமும் மாறியது.

அவ்வழியைப் பின்பற்றி 1974 இல் நம் நாட்டிலே சுமித்ரயோ நிறுவனம் தோன்றியது. யாழ்ப்பாணத்திலே, போர் மூண்டிருந்த 1987 இல், உள ஆற்றுப்படுத்தலுக்கெனச் சாந்திகம் தொடங்கப்பெற்றது. ஆயினும் 1995 அளவில் இலங்கையில் ஆண்டொன்றுக்கு இலட்சத்துக்கு ஏறக்குறைய 47 பேர் தம்முயிரை மாய்த்தனர். உலகில் மிக உயர்ந்த வீதங்களுள் அதுவும் ஒன்று. இளையோர் பலர் அதில் அடங்குவர். கமத்தொழிலுக்கான கொடிய நஞ்சுகளை அரசாங்கம் படிப்படியாகத் தடைசெய்தது. 1998 இல் உயிர்மாய்ப்பு முயற்சியைக் குற்றமெனக் கொண்ட சட்டப்பிரிவும் நீங்கியது. அடுத்த இருபதாண்டுகளில் அவ்வீதம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலாகக் குறைந்தது. நஞ்சுத் தடையே இதற்குத் தலையாய காரணம் என்பர் ஆராய்ந்தோர். இதனால் நாம் அறியக்கிடப்பது யாதெனின், சாவை நாடும் எண்ணம் பெரும்பாலும் நிலைத்து நிற்பதன்று. அந்தக் கொடிய வேளையைக் கடக்கத் துணைசெய்தால் உயிர் பிழைக்கும் என்பதாம்.

இச்சரித்திரம் நமது சங்கத்துக்கு ஒரு கடமையை உணர்த்துகின்றது. நாவன்மைப் போட்டி வைத்துப் பேசப் பழக்குகின்றோம். செவிகொடுத்துக் கேட்கவும் அவ்வாறே பழக்குதல் வேண்டும். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாளில், சித்தியடைந்தோரின் வீடுகளுக்கு மாலையோடு செல்வது நன்றே. சித்தியடையாதோரின் வீட்டுப் படலையைத் தட்டுதல் அதனினும் நன்று. பெரியோர்களே, பிள்ளை வாய் திறக்கும்போது தீர்ப்பை உடனே கூறாதிருங்கள். வாலிபர்களே, தோழன் தன் உயிரை வெறுத்துப் பேசினால் அதை விளையாட்டென விடாதீர்கள். இரகசியமெனப் பூட்டியும் வையாதீர்கள். அவனோடிருந்து, நம்பத்தக்க பெரியவரிடமோ வைத்தியரிடமோ அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தையும் எல்லோரும் மனத்திற் பதித்துக்கொள்ளல் நலம். வைத்தியரை நாடுதல் பக்திக் குறைவுமன்று, குடும்பத்துக்கு இழுக்குமன்று.

திலகவதியாரைக் காத்தது ஒரு சிறுவரின் கண்ணீர். அத்தகைய அன்பு நமது சங்கத்தவர் ஒவ்வொருவரிடத்தும் பெருகத் திருவருள் துணைநிற்பதாக.