சம்பளம் கச்சேரியில், கவனம் கோப்பித் தோட்டத்தில்

கோல்புறூக் சீர்திருத்தம் என்றதும் சட்டவாக்க சபையும் இராஜகாரிய ஒழிப்பும்தான் பிள்ளைகளுக்கு ஞாபகம் வரும். பரீட்சைக்கு அதிகம் வராத இன்னொரு பக்கமும் அதற்கு உண்டு. வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களும் அதை அறிந்திருப்பது நல்லது.

1833 இல் செலவைக் குறைப்பதற்காக சிவில் சேவை உத்தியோகத்தர்களின் சம்பளத்தை வெட்டினார்கள். ஓய்வூதியத்தையும் நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக, விரும்பினால் பயிர்ச்செய்கையில் ஈடுபடலாம் என்று இடம் கொடுத்தார்கள்.

கொஞ்ச காலத்தில் மலைநாட்டில் கோப்பி மோகம் பிடித்தது. ஏக்கர் ஒன்று 5 சிலிங் என்ற ஆரம்ப விலையில் முடிக்குரிய காணிகள் விற்பனைக்கு வந்தன. வாங்கியவர்களில் தேசாதிபதி ஸ்டூவர்ட் மெக்கன்சி இருந்தார். குடியேற்ற நாட்டுச் செயலாளர் அன்ஸ்ட்ருதர் இருந்தார். மகாவம்சத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜோர்ஜ் டேர்னரும் இருந்தார்.

கச்சேரி வேலை பின்னுக்குப் போனது. அதைவிடப் பெரிய கேடு ஒன்றும் நடந்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, உரிமையை நிரூபிக்க முடியாத காடும் தரிசும் சேனையும் அரசாங்கத்துக்குரியவை என்று கொள்ளப்பட்டன. அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியவர்களே காணி வாங்குபவர்களாகவும் இருந்தார்கள். சேனையைப் பறிகொடுத்த கிராமத்தவர் யாரிடம் போய் முறையிடுவார்?

1845 அளவில் லண்டனில் குடியேற்ற நாட்டு அமைச்சராக இருந்த ஸ்டான்லி பிரபு இதை மாற்றினார். சம்பளம் கூட்டப்பட்டது, ஓய்வூதியம் திரும்பி வந்தது, வர்த்தகமும் தோட்டச் செய்கையும் உத்தியோகத்தர்களுக்குத் தடையாயின.

பிழை யாருடையது? சம்பளத்தைக் குறைத்து, மீதியை வெளியில் தேடிக்கொள் என்று சொன்ன அரசாங்கத்துக்கு அதில் பெரிய பங்குண்டு. ஆனால் சம்பளம் குறைவு என்பது, கொடுத்த நேரத்தையும் பதவியையும் சொந்த இலாபத்துக்குப் பயன்படுத்த அனுமதி ஆகாது.

வேறு தொழிலும் உள்ள ஒருவரை உங்கள் கடைக்கோ அலுவலகத்துக்கோ எடுக்கிறீர்களா? தாராளமாக எடுங்கள். பக்கத் தொழில் செய்வது குற்றமல்ல. ஆனால் முதலிலேயே வெளிப்படையாகப் பேசுங்கள். வாழக்கூடிய சம்பளம் கொடுங்கள். எந்த நேரம் உங்களுடையது, எந்த நேரம் அவருடையது என்று எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய சொந்த இலாபமும் உங்கள் வேலையும் மோதும் இடத்தில் அவரை உட்கார வைக்காதீர்கள்.

சம்பளம் வாங்கிய நேரம் ஒரு அமானிதம். வகுப்பில் சொல்ல வேண்டியதை மாலை டியூஷனுக்கு ஒதுக்கி வைக்கும் ஆசிரியருக்கும் இது பொருந்தும்.