விரல்நுனியில் ஓர் ஒளிமானி

2020ஆம் ஆண்டின் கொரோனாக் காலத்தில் மணலி புதுநகரில் நாம் கற்றுக்கொண்ட புதுச்சொற்களுள் ஒன்று பல்ஸ் ஆக்ஸிமீட்டர். அது காட்டும் எண் 94க்குக் கீழே இறங்கினால் வீடே கலங்கிப்போகும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் சூழ்ந்த வட்டாரம் இது. மூச்சைப் பற்றிய கவலை நமக்குப் புதிதன்று. அதை ஓர் எண்ணாகக் கண்டதே புதிது.

அந்த எண்ணின் வரலாறு நீண்டது. 1862இல் ஜெர்மானிய அறிஞர் ஹோப்பே-சைலர், குருதியின் செந்நிறப் பொருள் ஒளியின் குறிப்பிட்ட பகுதிகளை மட்டும் உட்கொள்வதை நிறமாலைநோக்கியில் கண்டார். ஈராண்டுகளுக்குப் பின் அப்பொருளுக்கு ஹீமோகுளோபின் என்று பெயரிட்டார். ஆக்சிஜனை நீக்கினால் அந்நிறமாலை மாறிவிடும் என்பதை ஸ்டோக்ஸ் 1864இல் காட்டினார். ஆக, நிறத்தை அளந்தால் மூச்சின் நிலையை அறியலாம்.

ஆனால் உயிருள்ள உடலில் தோலும் தசையும் எலும்பும்கூட ஒளியை உட்கொள்கின்றனவே! இச்சிக்கலை 1974இல் அவிழ்த்தவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி. வேறோர் அளவீட்டில் நாடித்துடிப்பு இடையூறு செய்வதைக் களைய முயன்றவர், அத்துடிப்பே தமக்கு வேண்டிய செய்தியைத் தருவதை உணர்ந்தார். தோல் மாறுவதில்லை, துடிப்போடு மாறுவது தமனிக் குருதி மட்டுமே. சிவப்பு, அகச்சிவப்பு ஆகிய இரு ஒளிகளிலும் அம்மாற்றத்தை ஒப்பிட்டால் போதும். உலகமே அக்கருவியைத் தேடிய 2020 ஏப்ரலில் அவர் காலமானார்.

கணக்கில் கழிந்துபோன தோல், நடைமுறையில் கழியவில்லை. கறுப்பின நோயாளிகளிடம் கருவி பிழையாகக் காட்டுவதை 1990இலேயே ஓர் அமெரிக்க ஆய்வு சுட்டியது. 2020இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் குருதியில் ஆக்சிஜன் 88க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காடு. வெவ்வேறு தோல்நிறத்தாரிடம் விரிவாகச் சோதிக்க வேண்டும் என்ற வரைவு நெறிமுறையை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில்தான் வெளியிட்டது.

இதை அயல்நாட்டுச் செய்தியென்று நாம் ஒதுக்கிவிட இயலாது. வெயிலில் சுமை தூக்கியும் கடலுக்குச் சென்றும் கருத்த மேனியர் வாழும் கரை இது. கருவி 95 என்று காட்டும்போதும் ஒருவர் "மூச்சு வாங்குகிறது" என்றால், அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே முறை.