கடல் தழுவிய திருமயிலை

சென்னை மாநகரின் கடற்கரைப் பகுதிகளுள் தொன்மையால் சிறந்தது திருமயிலை. கடலும் கோயிலும் ஒன்றியிருந்த பழமையே அவ்வூரின் தனி இயல்பாகும்.

7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தப் பெருமான் பூம்பாவையை உயிர்ப்பித்தருளிய திருப்பதிகம், இவ்வூர் விழாக்களை நிரல்படக் கூறுகின்றது. ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், பங்குனி உத்திரம் என்பவற்றோடு மாசிக் கடலாட்டும் அவற்றுள் ஒன்று. 15ஆம் நூற்றாண்டினரான அருணகிரிநாதரும் மயிலையை அலைமோதும் கரையை அடுத்த பதியாகவே போற்றினார்.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் சாந்தோமில் குடியேறிய பின்னர்ப் பழங்கோயில் அழிந்தது. அங்குக் கிடைத்த கல்வெட்டுத் துண்டுகள் அதன் சுவடுகளாம். இன்று நாம் வழிபடும் கபாலீச்சரம், கடலினின்று விலகி மேற்கே பின்னர் எழுப்பப்பெற்றது.

கோயில் இடம் பெயர்ந்தும் ஊர் தன் இயல்பை இழந்திலது. கடற்கரைக்குரிய புன்னையே இன்றும் தலமரம். பங்குனித் திருவிழாவில் அறுபத்து மூவர் உலாவைக் காண மாட வீதிகளில் மக்கள் வெள்ளம் பெருகுகின்றது. கற்கள் சிதைந்தன, விழா நிலைத்தது. ஓர் ஊரை வாழ்விப்பது கூடி வழிபடும் மரபே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அப்பதிகத்தின் விழா வரிசை பெருஞ்சாந்தியோடு நிறைவுறுகின்றது. அதனைக் குடமுழுக்கு எனப் பொருள்கொள்ளும் சான்றோர் உளர். குடமுழுக்குக் காணும் அன்பர்கள் இதனை உளங்கொள்வாராக.