புதுச்சேரிச் செம்மண் பள்ளத்தாக்குகள்

புதுச்சேரிச் செம்மண் பள்ளத்தாக்குகள் என்பவை புதுச்சேரி நகருக்கு வடக்கே, பொம்மையார்பாளையம், குயிலாப்பாளையம் முதலிய ஊர்களை ஒட்டிய செம்மண் மேட்டு நிலத்தில் மழைநீர் அரித்து உண்டாக்கிய ஆழமான ஓடைகள் ஆகும். நிருவாக அடிப்படையில் இவற்றின் பெரும்பகுதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தில் அடங்கும். ஆயினும் நகரிலிருந்து எளிதில் சென்றடையக் கூடியவை என்பதால் புதுச்சேரியின் பெயராலேயே இவை அறியப்படுகின்றன. மலையும் பேராறும் அருகில் இல்லாத இக்கடற்கரைப் பகுதியில், செங்குத்தான சுவர்களுக்கிடையே நடந்து செல்லத்தக்க இடங்கள் இவை மட்டுமே. மழைக்காலத்தில் இவற்றின் தலைப்பகுதியில் சில மணி நேரமே நிலைக்கும் சிறு அருவிகளும் தோன்றுகின்றன.

அமைவிடம்

கடற்கரையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும்போது நிலம் படிப்படியாக உயர்ந்து, ஆரோவில்லின் மாத்ரிமந்திர் அமைந்துள்ள பகுதியில் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. இம்மேட்டில் விழும் மழைநீரில் ஒரு பகுதி கிழக்கே நேராக வங்காள விரிகுடாவிலும், மற்றொரு பகுதி வடக்கே கழுவெளி ஈரநிலத்திலும் சேர்கிறது. கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கிழக்குச் சரிவில் மேட்டுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தொலைவு குறைவு. எனவே நீர் விரைவாக இறங்குகிறது. ஆழமான ஓடைகள் இச்சரிவிலேயே மிகுந்திருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

நகரின் வரலாற்றில் செம்மண் மேடுகளுக்குத் தனி இடம் உண்டு. 1778இல் ஹெக்டர் மன்றோ தலைமையிலான ஆங்கிலப் படை புதுச்சேரியை முற்றுகையிடுவதற்கு முன் நகரைச் சூழ்ந்த இம்மேடுகளிலேயே பாளையம் இறங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் நகர் சரணடைந்தது. நகரின் வடமேற்கில் ஜிப்மர் மருத்துவமனை அமைந்துள்ள கோரிமேடும் இத்தகைய செம்மண் மேடுதான்.

நிலவியல்

மேட்டின் அடிப்பாறை கடலூர் மணற்கல் எனப்படும் படிவுத் தொகுதியைச் சேர்ந்தது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும், திருவக்கரையில் கிடைக்கும் கல்லான மரங்களும் இத்தொகுதியோடு தொடர்புடையவை. திருவக்கரைக் கல்மரங்களைப் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 1781இல் குறிப்பிட்டுள்ளார். பழங்கால ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணலும் களியும் கூழாங்கற்களும் முழுமையாக இறுகாமல் படிந்தவையே இப்பாறை. கைவிரலால் கீறினாலும் பல இடங்களில் உதிரும்.

மேற்பரப்பில் மட்டும் இரும்பு ஆக்சைடு சேர்ந்து கெட்டியான செம்புரைக்கல் அடுக்கு காணப்படுகிறது. சுவர்களில் தெரியும் நிறங்களுக்கும் இரும்பே காரணம். நீரற்ற இரும்பு ஆக்சைடு சிவப்பையும், நீர் சேர்ந்தது மஞ்சளையும் தருகின்றன. இரும்பு கழுவப்பட்ட வெண்களி அடுக்குகள் இவற்றினிடையே வெள்ளைக் கோடுகளாகத் தெரிகின்றன.

அருவியும் ஓடையின் வளர்ச்சியும்

மேலே கெட்டியான அடுக்கும் கீழே மெல்லிய அடுக்கும் இருப்பதே இவ்விடங்களின் உருவத்தைத் தீர்மானிக்கிறது. பெருமழையின்போது மேட்டில் திரளும் நீர் ஓடையின் தலைப்பில் விளிம்பைத் தாண்டி விழுகிறது. விழும் நீர் அடியில் குழி பறிக்கிறது. குழி ஆழமாகும்போது அதன் பின்சுவரிலுள்ள மென்மணல் கரைந்து, மேலடுக்கு கூரைபோல் நீட்டிக் கொண்டு நிற்கிறது. பின்னர் அதுவும் இடிந்து விழுகிறது. இவ்வாறு அருவியின் இடம் மேட்டை நோக்கிப் பின்வாங்க, ஓடை நீள்கிறது. மலைநாட்டுப் பேரருவிகளும் இதே முறையில்தான் பின்வாங்குகின்றன. வேறுபாடு காலத்தில் உள்ளது. சுவிட்சர்லாந்தில் மைரிங்கன் அருகே ஏறத்தாழ 1.4 கி.மீ. நீளமுள்ள ஆரே இடுக்கு, கடினமான சுண்ணாம்புப் பாறையில் பனியாற்று நீர் பல்லாயிரம் ஆண்டுகளில் அறுத்தது. பொம்மையார்பாளையத்தில் ஓர் ஓடையின் தலைப்பு இடம் மாறுவதை ஒரே தலைமுறையினர் கண்ணாலேயே காணமுடியும்.

இதனால் நடைப்பயணிகளின் கண்ணுக்கு விருந்தாகும் காட்சி, நிலத்தின் நோய்க்குறியாகவும் இருக்கிறது. தாவரப் போர்வை உள்ள நிலத்தில் மழைநீர் மண்ணுள் இறங்கும். அருவி தோன்றுவதற்கு நீர் மிஞ்சாது. அருவி எவ்வளவு பெரிதாக விழுகிறதோ அவ்வளவு நீர் நிலத்தடிக்குச் செல்லாமல் கடலுக்குப் போகிறது. அதனுடன் மேல்மண்ணும் போவதால், கனமழைக்குப் பின் கரையோரக் கடல் சிவந்து காணப்படும்.

நீர்வளத்துடன் தொடர்பு

இழக்கப்படும் நீர் சிறு பொருட்டன்று. ஆண்டுக்குச் சுமார் 1,300 மி.மீ. மழை பெறும் இப்பகுதியில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில், சில நாட்களிலேயே கொட்டிவிடுகிறது. எஞ்சிய மாதங்களுக்கு மக்கள் நிலத்தடி நீரையே நம்பியுள்ளனர். கடலூர் மணற்கல் புதுச்சேரிப் பகுதியின் முதன்மையான நீர்தாங்கு அடுக்குகளுள் ஒன்று. மேட்டில் நீர் இறங்குவது குறைந்து, கரையோரத்தில் கிணறுகள் அளவுக்கு மீறி இறைக்கப்பட்டால் கடல்நீர் உட்புகும் வாய்ப்பு மிகும்.

பிரெஞ்சு ஆட்சியிலும் நகரின் குடிநீர் மேற்கிலுள்ள ஊற்றுகளிலிருந்தே வந்தது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் லாமெரெஸ் என்னும் பொறியாளர் முத்திரப்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் கொண்டுவந்தார். அதன் நினைவாக எழுப்பப்பட்டதே பாரதி பூங்காவில் உள்ள ஆயி மண்டபம். இம்மண்டபம் இன்று புதுச்சேரி அரசின் சின்னத்திலும் இடம்பெற்றுள்ளது. மண்டபத்தைப் படமெடுத்துச் செல்லும் பயணிகளுள் பலர் அது ஒரு குடிநீர்த் திட்டத்தின் நினைவுச்சின்னம் என்பதை அறிவதில்லை.

காடு அழிந்ததும் மீண்டதும்

இம்மேட்டின் இயற்கைத் தாவரம் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு ஆகும். காயா, வீரை, பாலை, நாவல் போன்ற மரங்கள் இதில் வளரும். கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றிய காடு போன்ற கோயிற்காடுகளில் இதன் எச்சங்கள் தப்பியுள்ளன. மற்ற இடங்களில் கட்டுமானத்துக்கும் விறகுக்கும் மரங்கள் வெட்டப்பட்டன. ஆடுமாடுகளின் மேய்ச்சல் மறுவளர்ச்சியைத் தடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேடு பெரும்பாலும் பனைகள் மட்டும் நின்ற பொட்டல்வெளியாக இருந்தது.

இவ்வறட்சிக்கு ஒரு கதையும் உண்டு. திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற இரும்பை மாகாளேசுவரர் கோயிலின் விழாவில் ஆடிய பெண்ணின் சிலம்பு கழன்று விழ, கடுவெளிச் சித்தர் அதை எடுத்து அணிவித்தார். கூட்டத்தார் எள்ளி நகையாடினர். சித்தரின் சினத்தால் இலிங்கம் சிதறி, நிலம் பாழாகும் என்ற சாபமும் விழுந்தது. தொலைநாட்டவர் வந்து இந்நிலத்தை மீண்டும் பசுமையாக்குவர் என்று அவர் பின்னர் இரங்கிக் கூறியதாகக் கதை முடிகிறது. இப்பிற்பகுதி ஆரோவில்லில் விரும்பிச் சொல்லப்படுகிறது. நிலவியல் நோக்கில் சாபம் தேவையில்லை. கோடரியும் ஆடுகளுமே போதுமானவை.

1968 பெப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபின், அங்குக் குடியேறியோர் உள்ளூர் மக்களின் உழைப்புடன் மண்ணைத் தடுக்கும் பணியில் இறங்கினர். சமவுயரக் கோடுகளின் வழியே மண்வரப்புகள் எழுப்பப்பட்டன. ஓடைகளின் குறுக்கே தடுப்பணைகள் கட்டப்பட்டன. இலட்சக்கணக்கான மரங்கள் நடப்பட்டன. தொடக்கத்தில் விரைந்து வளரும் ஆஸ்திரேலிய அகேசியா மரங்கள் நிழலுக்காக நடப்பட்டு, அவற்றினடியில் உள்நாட்டு மரங்கள் வளர்க்கப்பட்டன. 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலில் அகேசியாக்கள் பெருமளவில் சாய்ந்தன.

தடுப்பணைகள் அமைந்த ஓடைகளில் மண் படிந்து தரை உயர்ந்து, செடிகள் முளைத்துச் சுவர்கள் மறைந்துவிடுகின்றன. பள்ளத்தாக்கைக் காண வருவோருக்கு இது ஏமாற்றமாகலாம். நிலத்தைப் பொறுத்தவரை இதுவே நலம். ஆனால் பாதுகாப்புப் பணி நடைபெறாத நிலங்களில் ஓடைகள் இன்றும் விரிகின்றன. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது நகரில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் மேல் மழை பதிவாயிற்று. ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நீரை ஒரே நாளில் உள்வாங்கும் மண் எங்கும் இல்லை. எனினும் வரப்பும் வேரும் உள்ள நிலத்திலிருந்து ஓடும் நீரின் வேகம் குறைவு.

நடைப்பயணம்

நகரிலிருந்து கோட்டக்குப்பம் வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பொம்மையார்பாளையத்தை மிதிவண்டியிலேயே சென்றடையலாம். வரையறுக்கப்பட்ட நடைபாதை இல்லை. ஓடையின் மணல்தரையே பாதை. நிலங்களுள் பல தனியாருக்கு உரியவை என்பதால் ஊராரிடம் கேட்டுச் செல்வது முறை. மழை ஓய்ந்து தரை இறுகும் சனவரி, பெப்ரவரி மாதங்களின் காலைப்பொழுது நடக்க ஏற்றது. அப்போது அருவிகள் இரா. அவை விழுந்த விளிம்புகளையும் அடியிலுள்ள குழிகளையும் காணலாம்.

அருவியைக் காணும் ஆவலில் மழையின்போது ஓடைக்குள் இறங்குதல் பேரிடர் தரும். மேட்டில் பெய்த மழை சிறிது நேரத்தில் ஓடையை நிரப்பிவிடும். செங்குத்துச் சுவர்களில் ஏறித் தப்புவது அரிது. மழை நின்ற பின்னும் நீரூறிய சுவர்கள் முன்னறிவிப்பின்றிச் சரியும். நீட்டிக் கொண்டிருக்கும் விளிம்பின் மேல் நிற்பதும், அதனடியில் அமர்வதும் ஒப்பான ஆபத்துடையவை. சுவர்களில் ஏறுவதும் பெயர் செதுக்குவதும் அரிப்பை விரைவுபடுத்துகின்றன. புதர்களில் கண்ணாடி விரியன் போன்ற நச்சுப்பாம்புகள் இருக்கக் கூடும்.

ஆண்டின் பல மாதங்கள் நீர் விழும் மலையருவிகளை நாடுவோர் கல்வராயன் மலையின் மேகம், பெரியார் அருவிகளுக்கோ சவ்வாது மலையின் பீமன் அருவிக்கோ செல்ல வேண்டும்.

ஒப்பிடத்தக்க இடங்கள்

ஆந்திரப் பிரதேசத்தில் விசாகப்பட்டினம் அருகேயுள்ள எர்ர மட்டி திப்பலு என்னும் செம்மணல் மேடுகளிலும் இத்தகைய ஓடைகள் உள்ளன. அது தேசிய நிலவியல் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது. மேற்கு வங்காளத்தில் சிலாவதி ஆற்றங்கரையிலுள்ள கங்கனி, செம்புரைக்கல் நிலத்தில் உண்டான பள்ளத்தாக்காகும். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிகளின் செம்மணல் காற்றால் குவிக்கப்பட்டது. எனவே நிறத்தால் ஒத்திருந்தாலும் உருவாக்கத்தால் வேறுபட்டது.