படிவெட்டியவர் ஆசிரியரான வரலாறு: டார்ஜிலிங்கும் பனிச்சுவர் ஏறும் கல்வியும்

முன்னுரை

உயர்மலைகளின் வரலாறு பெரும்பாலும் சிகரத்தைத் தொட்டவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. செங்குத்தான பனிக்கட்டிச் சரிவில் கால் ஊன்றும் கலை எவ்வாறு கற்கப்பட்டது, அதனைக் கற்பித்தவர் யாவர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. ஷெர்ப்பா இனத்தவரைப் பொறுத்தவரை, அத்திறன் பிறவியிலேயே வாய்த்தது என்னும் கருத்து நெடுங்காலம் நிலவிற்று. டார்ஜிலிங்கில் 1954ஆம் ஆண்டு தோன்றிய இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் வரலாற்றைக் கொண்டு அக்கருத்தை மறுபரிசீலனை செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவியும் உழைப்பும்

தொடக்கத்தில் பனிச்சுவர் ஏறுதல் என்பது படிவெட்டுதலே ஆகும். முன்செல்பவர் கோடரியால் பனியைக் கொத்தி ஒவ்வொரு படியாக அமைக்க, பின்வருவோர் அவற்றில் கால் வைத்து ஏறினர். 1908இல் ஆஸ்கர் எக்கன்ஸ்டைன் பத்து முட்கள் கொண்ட கிராம்பானை, அதாவது காலணியின் அடியில் பூட்டும் முள்சட்டத்தை, வடிவமைத்தார். 1929இல் லோரான் கிரிவெல் அதன் முன்புறத்தில் மேலும் இரண்டு முட்களைச் சேர்த்தார். அதன் பயனாக, சுவரை நேராக நோக்கி நின்று, முன்முட்களைப் பனியில் உதைத்து ஏறும் முறை வளர்ந்தது. 1960களின் பிற்பகுதியில் இவோன் ஷுனார்ட் கோடரியின் அலகை வளைவாக்கினார். அது பனியில் ஆழப் பற்றியதால், செங்குத்துச் சுவரிலும் கோடரியை நம்பி உடலை உயர்த்த இயன்றது.

இக்கருவிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உருப்பெற்றன. இமயத்திலோ, ஷெர்ப்பாக்கள் கூலிக்குச் சுமை தூக்குவோராகவே பனிக்குள் நுழைந்தனர். சிகரங்களைத் தெய்வங்களின் உறைவிடமாகக் கருதிய அவர்களுக்கு அவற்றின்மீது ஏறும் மரபு இருந்ததில்லை. தம்மை அமர்த்தியவர்களைப் பார்த்தே அவர்கள் தொழிலைக் கற்றனர். 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில் பனிச்சரிவுக்குப் பலியான எழுவரும் சுமை தூக்கியோரே என்பது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

1954: மாணவரான வெற்றியாளர்

1953ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹில்லாரியும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தனர். அதன் விளைவாக, பிரதமர் நேருவும் மேற்கு வங்க முதலமைச்சர் பி. சி. ராயும் காட்டிய ஆர்வத்தால், 1954 நவம்பர் 4ஆம் நாள் டார்ஜிலிங் நிறுவனம் தொடங்கப்பட்டது. மேஜர் நரேந்திர தர் ஜயால் அதன் முதல் முதல்வராகவும், டென்சிங் களப்பயிற்சி இயக்குநராகவும் பொறுப்பேற்றனர்.

அதற்கு முன்னர் நிகழ்ந்த ஒன்று ஆழ்ந்து நோக்கற்பாலது. டென்சிங்கும் ஷெர்ப்பாக்கள் அறுவரும் சுவிட்சர்லாந்துக்குச் சென்று, ரோசன்லாவியில் ஆர்னால்ட் கிளாட்ஹார்ட் நடத்திய பள்ளியில் பயின்றனர். உலகின் உச்சியை எட்டியவர் மீண்டும் மாணவரானது ஏன்? ஏறுதல் வேறு, ஏறக் கற்பித்தல் வேறு. உடலில் பழக்கமாய் உறைந்திருந்த திறனைப் பாடமாகப் பகுத்தால் அன்றி அதைப் பிறர்க்கு வழங்குதல் இயலாது. கிராம்பானின் எல்லா முட்களும் பதியுமாறு நடத்தல், முன்முட்களால் ஏறுதல், சறுக்கும்போது கோடரியால் தம்மைத் தடுத்து நிறுத்தல், தோழரின் கயிற்றைக் காத்தல், பனிப்பிளவில் வீழ்ந்தவரை மீட்டல் என அத்திறன் படிநிலை பெறுகிறது. மேற்குச் சிக்கிமின் ரத்தோங் பனியாறு டார்ஜிலிங் நிறுவனத்தின் களமாயிற்று.

ரோசன்லாவியில் பயின்ற நவாங் கோம்பு, 1963இலும் 1965இலும் எவரெஸ்டை அடைந்து, இருமுறை அவ்வுச்சியைத் தொட்ட முதல் மனிதரானார். 1965இல் உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனம் தோன்றியது. அங்குப் பயின்ற பசேந்திரி பால் 1984 மே 23ஆம் நாள் எவரெஸ்டை எட்டிய முதல் இந்தியப் பெண்மணியானார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1997ஆம் ஆண்டு அதே மே 23ஆம் நாள், பனியாறே இல்லாத மலேசியாவிலிருந்து சென்ற மகேந்திரனும் மோகனதாசும் அவ்வுச்சியில் நின்றனர். பனித்திறன் பிறந்த மண்ணைச் சார்ந்ததன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

முடிவுரை

உயரத்தைத் தாங்கும் உடலமைப்பு ஷெர்ப்பாக்களுக்கு உண்டு என்பதை உடலியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும், கோடரியைக் கையாளும் முறை குருதியில் வருவதன்று. அதனைப் பிறவித் திறன் எனப் புகழ்வோர், அவர்தம் உழைப்பை மறைப்பதோடு, அவர்களுக்குப் பயிற்சி தேவையில்லை என்னும் முடிவுக்கும் அறியாமலே இடமளிக்கின்றனர். நேபாளத்தின் போர்ட்சே சிற்றூரில் உள்ளூர் மலைத்தொழிலாளர்களுக்கெனப் பனியேற்றப் பள்ளி ஒன்று தோன்ற 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2014 ஏப்ரல் 18ஆம் நாள் கும்பு பனிவீழ்ச்சியில் பதினாறு நேபாளத் தொழிலாளர்கள் மாண்டனர். சரியும் பனியைக் கல்வி தடுத்துவிடாது. ஆயினும், ஆபத்தை மதிப்பிடவும் மறுத்துரைக்கவும் வல்லவராக அது தொழிலாளியை மாற்ற இயலும். 2021 சனவரி 16ஆம் நாள், குளிர்காலத்தில் எவரும் எட்டியிராத கே2 சிகரத்தை நேபாளியர் பதின்மர் ஒருசேர அடைந்தபோது, பிறருக்காகப் படி வெட்டிய மரபினர் தமக்கெனவே ஏறினர்.