கெடா வானில் ஒரு விக்டோரியா சிலுவை

மலாயா மீதான ஜப்பானியப் படையெடுப்பு என்றதும் மாணவர்கள் கோத்தா பாருவைச் சொல்வாங்க, அப்புறம் நேரே சிங்கப்பூர் வீழ்ச்சிக்குப் போயிடுவாங்க. நடுவில் கெடா விடுபட்டுப் போகிறது. நம்ம பாக்கார் ஆராங் அமைந்திருக்கும் சுங்கை பட்டாணியில் அன்று ஒரு விமானத் தளம் இருந்தது. 1941 டிசம்பர் 8 காலையிலேயே அதன் மேல் குண்டுகள் விழுந்தன. மறுநாள் நடந்ததைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒற்றை விமானம்

ஜப்பானியர் தாய்லாந்தின் சிங்கோராவில் (இன்றைய சொங்க்லா) இறங்கி, அங்குள்ள விமானத் தளத்தைப் பிடித்துவிட்டார்கள். அதைத் தாக்க, டிசம்பர் 9 பிற்பகல் பட்டர்வொர்த்திலிருந்து பிளென்ஹெம் குண்டுவீச்சு விமானங்கள் புறப்படத் தயாராகின. 62ஆம் படையணியைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃப் முதலில் மேலெழும்பினார். அடுத்த கணமே எதிரி விமானங்கள் வந்து, தரையில் நின்றவற்றை அழித்தும் முடக்கியும் விட்டன.

அவர் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் தனியாகவே சிங்கோரா போய்க் குண்டு வீசினார். திரும்பும் வழியில் போர் விமானங்கள் துரத்திச் சுட்டன. கையிலும் முதுகிலும் படுகாயம். கூட இருந்த இரண்டு வீரர்களின் துணையோடு விமானத்தை ஓட்டிவந்து, அலோர் ஸ்டார் அருகே தரையிறக்கினார். அந்த இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஸ்கார்ஃப், தம் மனைவி தாதியாக வேலை பார்த்த அலோர் ஸ்டார் மருத்துவமனையில் உயிர் துறந்தார். வயது 28. அவர் கல்லறை தைப்பிங் போர்க் கல்லறைத் தோட்டத்தில் உள்ளது.

பதக்கம் ஏன் தாமதம்?

விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது 1946 ஜூன் 21இல்தான். பின்வாங்கிய குழப்பத்தில் நடந்தது வெளியே தெரியவில்லை. போர் முடிந்த பிறகே முழு விவரம் தெரியவந்தது. மலாயாப் போரில் விமானப்படை வீரர் ஒருவருக்குக் கிடைத்த ஒரே விக்டோரியா சிலுவை இது.

வீரம் இருந்தும் ஏன் தோல்வி?

தேர்வில் கேட்கக்கூடிய இடம் இது. மலாயாவைக் காக்க 336 விமானங்கள் வேண்டும் என்று லண்டன் தலைமை கணக்கிட்டது. போர் தொடங்கியபோது இருந்தவை சுமார் 158 மட்டுமே. அவற்றிலும் பல பழையவை. ஒருவரின் துணிச்சல் இந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட முடியாது. சில நாட்களில் ஜித்ராவில் தற்காப்பு உடைந்தது, கெடா கைவிடப்பட்டது.

வகுப்பில் பேச

ஸ்கார்ஃபின் செயலைச் சொல்ல சாட்சிகள் இருந்தார்கள், அதனால் பதக்கம் வந்தது. அடுத்த ஆண்டுகளில் நம் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயிலுக்குப் போய்த் திரும்பாத தமிழர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்லறைகூட இல்லை. ஆசிரியர்களே, மாணவர்களிடம் இதைக் கேளுங்க: உங்க வீட்டில், தோட்டத்தில் ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி யார் என்ன சொல்லியிருக்காங்க? பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதிவரச் சொல்லுங்க. எழுதி வைத்தால்தான் நாளைக்கு அது சான்று.