மெழுகும் மணலும்: சோழமண்டலம் குறித்துச் சில எண்ணங்கள்

எழுபதுகளின் கடைசியில் திருவல்லிக்கேணி மான்ஷன் ஒன்றில் என் அடுத்த அறையில் ஒரு நண்பன் இருந்தான். கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவன். அவன் கோட்டில் ஒரு நிச்சயம் இருந்தது. அழித்து அழித்துப் போடுகிறவன் அல்ல. படிப்பு முடிந்து இரண்டு வருஷம் பெயர்ப்பலகை எழுதினான், பத்திரிகைக் கதைகளுக்குப் படம் போட்டான், வாடகை பாக்கி வைத்தான். பிறகு ஊருக்குப் போய் அண்ணனோடு நெல் வியாபாரத்தில் சேர்ந்துகொண்டான். அறையைக் காலி செய்த அன்று ஒரு சுருள் தாள்களை என்னிடம் கொடுத்து, 'வெச்சுக்கோ, கரையான் அரிச்சாலும் பரவாயில்ல' என்றான். அதற்குப் பின் அவன் வரையவில்லை என்று கேள்வி.

இதில் சோகம் கொண்டாட ஒன்றுமில்லை. நம் சூழலில் இது அன்றாடக் காரியம். ஆனால் இதைத் 'திறமை இருந்தது, அதிர்ஷ்டம் இல்லை' என்று சொல்லி முடித்துக்கொள்வதுதான் எனக்கு ஒப்பவில்லை. திறமை என்பது ஆளுக்குள் இருப்பது. அது பிழைப்பதற்கு வேண்டியவை ஆளுக்கு வெளியே இருப்பவை: ஒரு கூரை, ஒரு வேளைச் சோறு, வரைந்ததைப் பார்த்து நன்றாயில்லை என்று சொல்லத் தகுதியுள்ள இரண்டு பேர். இந்த மூன்றையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்க இந்நகரத்தில் ஒரு முயற்சி நடந்தது. அவனுக்குத் தெரிந்தே, பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில் நடந்தது. ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைச் சொல்கிறேன். அதைப் பற்றி அழகியல் பேசியிருக்கிறார்கள். அதன் அடுப்படிக் கணக்கைப் பற்றி நாம் பேசியது குறைவு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

கதையைச் சற்றுப் பின்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சென்னைக் கலைப்பள்ளி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவரால் தொடங்கப்பட்டது. பிறகு அரசின் பொறுப்புக்கு வந்தது. கலைஞர்களை உருவாக்குவது வெள்ளைக்காரனின் உத்தேசமாக இருக்கவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது நல்ல கைவேலை: மண்பாண்டம், மரவேலை, உலோகவேலை, அச்சுக்கட்டை. கண்ணும் கையும் பழகிய தொழிலாளி. இங்கிருந்த கைவினைஞனைத் திருத்தி இன்னும் நல்ல கைவினைஞனாக்குவது என்பதுதான் திட்டம். அவன் ஏற்கெனவே நல்ல கைவினைஞன்தான் என்று பின்னால் வந்த ஹேவல் போன்றவர்களுக்குப் புரிந்தது. ஆனாலும் பள்ளியின் அடித்தளம் மாறவில்லை.

அதை மாற்றியவர் 1929இல் முதல் இந்திய முதல்வராக வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் பாறையை நெம்பி நிற்கும் உழைப்பாளர் சிலை அவருடையது. அவர் வந்தபிறகு ஓவியமும் சிற்பமும் பள்ளியின் மையத்துக்கு நகர்ந்தன. சுய வெளிப்பாடு என்ற எண்ணம் இங்கே வேர்விட்டது. கைவேலை என்பது கீழே ஒரு படி இறங்கியது. 1957 வரை அவர் அந்தப் பதவியில் இருந்தார். இந்தக் காலத்தில் பள்ளி உற்பத்தி செய்தது ஒரு புதுவகை மனிதனை. அவனுக்குத் தான் கலைஞன் என்ற பிரக்ஞை இருந்தது. படத்தை வாங்கத்தான் ஆள் இல்லை. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் பணக்காரர்களாவது இருந்தார்கள். சென்னையின் பணம் கச்சேரிக்கும் சினிமாவுக்கும் போயிற்று. சுவரில் மாட்டுவதற்குக் காலண்டர் போதும் என்பது நம் வீடுகளின் தீர்மானம்.

ராய் சௌத்ரியின் மாணவரும், பின்பு அதே பள்ளியில் ஆசிரியருமான கே.சி.எஸ். பணிக்கர் இதை உள்ளிருந்து பார்த்தவர். 1911இல் கோயமுத்தூரில் பிறந்தவர். குடும்பத்தைக் காப்பாற்றத் தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டுத் தாமதமாகக் கலைப்பள்ளிக்கு வந்தவர். ஆகவே ஜீவனோபாயம் என்ற சொல்லின் எடை அவருக்குத் தெரியும். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்தார். 1957இல் பள்ளியின் முதல்வரானார். மாணவர்கள் வருஷாவருஷம் வெளியேறுவதையும், வெளியேறியவர்கள் காணாமல் போவதையும் நாற்காலியில் இருந்தபடி பார்த்தார். சிலருக்கு நெசவாளர் சேவை மையத்தில் துணி டிசைன் போடும் உத்தியோகம் கிடைத்தது. சிலர் பள்ளிகளில் டிராயிங் மாஸ்டர் ஆனார்கள். மீதிப் பேர் என் நண்பன் போன வழியில் போனார்கள்.

பணிக்கரின் யோசனை எளிமையானது. படம் விற்காது. சரி. விற்கக்கூடிய ஒன்றைக் கையால் செய்வோம், அந்தப் பணத்தில் படம் வரைவோம். படத்துக்கு விலையை எதிர்பார்க்க வேண்டாம். அப்போது படம் யாருக்கும் பணிய வேண்டியதில்லை. அறுபதுகளின் முதல் பாதியில் மாணவர்களும் ஆசிரியர்களும் ஓய்வு நேரங்களில் பாத்திக் வேலையில் இறங்கினார்கள். உருக்கிய மெழுகைத் தூரிகையால் துணியில் தீட்டிச் சாயத்தில் முக்குவது, மெழுகு பட்ட இடம் சாயம் ஏறாமல் தப்புவது, மறுபடி மெழுகு, மறுபடி சாயம், வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போவது, கடைசியில் கொதிநீரில் மெழுகைக் கழற்றுவது. மெழுகு வெடித்த இடங்களில் சாயம் புகுந்து நரம்பு நரம்பாக ஓடும். ஜாவாக்காரனின் வித்தை. ஆனால் கோடு போடத் தெரிந்த கை அதில் இறங்கியபோது கடைச்சரக்கிலிருந்து வேறான ஒன்று வந்தது. விற்றது. ஓவியர் கைவினைச் சங்கம் என்று ஒன்று அமைந்தது. விற்ற பணத்தைப் பங்கு போட்டுத் தின்றுவிடாமல் சேர்த்து, திருவான்மியூருக்குத் தெற்கே கடலோரமாக எட்டுப் பத்து ஏக்கர் மணல் நிலம் வாங்கினார்கள்.

இந்த இடத்தில் ஒரு முரணைக் கவனிக்கலாம். எந்தக் கைவேலைக்காக வெள்ளைக்காரன் பள்ளியை ஆரம்பித்தானோ, எந்தக் கைவேலையிலிருந்து ராய் சௌத்ரி காலத்துப் பள்ளி விலகி மேலேறியதோ, அதே கைவேலைதான் நூறு வருஷத்துக்குப் பிறகு இங்கே கலைஞனின் சுதந்திரத்தை விலைகொடுத்து வாங்கியது. அரசு மானியம் வாங்கவில்லை. வள்ளல் வாங்கித்தரவில்லை. நம் சரித்திரத்தில் ராஜாவும் ஜமீனும் சபாவும் கலைஞனை வைத்துக் காப்பாற்றியதுண்டு. கலைஞர்களே சேர்ந்து தங்களைக் காப்பாற்றிக்கொண்டதற்கு உதாரணம் தேட வேண்டியிருக்கிறது.

1947இல் பம்பாயில் உருவான முற்போக்கு ஓவியர் குழுவோடு இதை ஒப்பிடலாம். சூஸா, ரஸா, ஹுஸேன் என்று பெரிய ஆளுமைகள். சோழமண்டலத்தில் அவர்கள் அளவுக்குப் புகழ் பெற்றவர்கள் சிலரே. ஆனால் அந்தக் குழு சில வருஷங்களில் கலைந்தது. சூஸா 1949இல் லண்டனுக்கும் ரஸா 1950இல் பாரிசுக்கும் போய்விட்டார்கள். அவர்களைச் சேர்த்துவைத்தது ஒரு கொள்கை அறிக்கையும் இளமையும். அவை எவ்வளவு தூரம் வரும்? சோழமண்டலத்திலிருந்தும் விஸ்வநாதன், அக்கித்தம் நாராயணன் பாரிசுக்குப் போனார்கள். போகட்டும். கிராமம் நின்றது. அதைச் சேர்த்துவைத்தது கொள்கை அல்ல, பொதுக் கிணறும் பொதுக் கணக்கும். கீற்றுக் கொட்டகையில் ஆரம்பித்து, சவுக்கைத் தோப்புக்கு நடுவே வீடு கட்டி, பக்கத்து மீனவர் குப்பத்தைப் போலவே காற்றையும் உப்பையும் தாங்கிக்கொண்டு இருந்தார்கள். சுல்தான் அலி, சேனாதிபதி, கே.எம். கோபால், பி.எஸ். நந்தன், வித்யாசங்கர் ஸ்தபதி, ஹரிதாசன், பணிக்கரின் மகன் நந்தகோபால் என்று எத்தனையோ பேர். இவர்கள் ஒரே பாணிக்காரர்கள் அல்ல. ஒருவர் தாந்திரிகக் குறிகளுக்குப் போனார், ஒருவர் பழங்குடி உருவங்களுக்கு, ஒருவர் செப்புத் தகட்டுக்கு.

கைவேலை கலையைக் கெடுத்துவிடாதா என்று அப்போதே கேட்டார்கள். நியாயமான கேள்வி. பகலெல்லாம் அலங்காரம் செய்த கை மாலையில் எப்படி அலங்காரத்தை மறக்கும்? மறக்கவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் விளைவு இரண்டு விதமாக இருந்தது. ஒருபுறம், சென்னைச் சிற்பம் என்று இன்று அடையாளம் காணப்படும் அந்த உலோக வேலை, தகட்டைத் தட்டி, ஒட்டி, எதிர்முகமாக நிறுத்தி, கோயில் கவசத்தையும் வாகனத்தையும் நினைவூட்டும் அந்த வடிவம், கைவினையோடு வெட்கமில்லாமல் பழகியதால் வந்தது. ஐரோப்பியச் சிற்பத்தின் முப்பரிமாணத்தைத் தேடி ஓடாமல் இங்கிருந்த ஒன்றை எடுத்துக்கொண்டது. பணிக்கரே 1963இலிருந்து வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டமும், வாசிக்க முடியாத எழுத்தும், கணக்குக் குறியும் படமாயின. மறுபுறம், கைவேலை சிலரை முழுசாக விழுங்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மெழுகில் பழகிய அதே மயிலும் மங்கையும் கான்வாஸிலும் வந்து உட்கார்ந்த படங்களை நான் பார்த்திருக்கிறேன். சந்தை எங்கே முடிகிறது, படம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் காவல் காக்க வேண்டியிருந்தது. கூட்டுறவு அதைச் செய்து தர முடியாது.

கே. ராமானுஜத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. மனநோயின் வதையோடு வாழ்ந்தவர். வேறெந்த இடமும் அவரை வைத்துக்கொண்டிருக்காது. பணிக்கர் வைத்துக்கொண்டார், கிராமம் வைத்துக்கொண்டது. மையால் நுணுக்கி நுணுக்கி அவர் கட்டிய மாளிகைகளும், பறவைகளும், பாம்புகளும், அவற்றின் நடுவே தொப்பி வைத்துக்கொண்டு திரியும் அவருடைய சொந்த உருவமும் நம் நவீன ஓவியத்தில் வேறு யாரிடமும் இல்லாதவை. 1973இல், முப்பது வயதைச் சற்றே தாண்டிய நிலையில், அவர் தன் உயிரை முடித்துக்கொண்டார். சமூகம் ஒன்று செய்யக்கூடியதன் எல்லை இங்கே தெரிகிறது. கூரை கொடுக்கலாம், சோறு கொடுக்கலாம், தாளும் மையும் கொடுக்கலாம். அதற்கப்பால் ஓர் ஆளின் இரவுக்குள் யாரும் போக முடியாது. ஆனால் அந்தக் கூரை இல்லாதிருந்தால் நமக்கு அந்தப் படங்களும் கிடைத்திருக்காது. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி நம் பக்கம் வருகிறேன். சோழமண்டலத்துக்காரர்களுக்கு ஒரு பத்திரிகை இருந்தது. முற்போக்கு ஓவியர் சங்கம் 1961இலிருந்து வெளியிட்ட 'ஆர்ட்ரெண்ட்ஸ்'. அது ஆங்கிலத்தில் வந்தது. அவர்களைப் பற்றி விடாமல் யோசித்து எழுதிய ஜோசப் ஜேம்ஸ் பொருளாதாரப் பேராசிரியர். அவர் எழுதியதும் ஆங்கிலத்தில். மலையாளிகளும் தெலுங்கர்களும் தமிழர்களும் கலந்திருந்த இடத்தில் ஆங்கிலம் தவிர்க்க முடியாததாக இருந்திருக்கலாம். அதன் விளைவு, தமிழ்நாட்டின் கடற்கரையில் இருந்த ஒரு கிராமம் தமிழ் வாசகனுக்குப் பாரிசைவிடத் தூரத்தில் இருந்தது. பிக்காஸோவைப் பற்றி ஐந்து பக்கம் எழுதத் தயாராக இருந்த நாம் ஈஞ்சம்பாக்கத்துக்கு ஒரு பஸ் டிக்கெட் வாங்கவில்லை. நானும் 1981இல்தான் முதல் தடவை போனேன். கிராமம் உண்டாகிப் பதினைந்து வருஷம் கழித்து.

ஆதிமூலத்தையும் இன்னும் சிலரையும் விதிவிலக்காகச் சொல்ல வேண்டும். நெசவாளர் சேவை மையத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஆதிமூலம் நம் சிறுபத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் அட்டை வரைந்தார், தலைப்பெழுத்துகளுக்குப் புது உடம்பு கொடுத்தார். அவர் வழியாகத்தான் நவீன ஓவியத்தின் கோடு தமிழ் வாசகனின் கைக்கு வந்தது. நாம் அவருக்குக் கொடுத்தது அநேகமாக நன்றி மட்டும். முன்னூறு பிரதி அச்சடிக்கிறவன் வேறென்ன கொடுப்பான் என்று கேட்கலாம். வாஸ்தவம். ஆனால் மெழுகு காய்ச்சி நிலம் வாங்க முடியும் என்று பக்கத்திலேயே ஒரு கூட்டம் செய்துகாட்டியபோது, பத்திரிகை நடத்திக் கடன்படுவது ஒன்றே வழி என்று நாம் நம்பியது ஏன்? நஷ்டத்தை நாம் ஒரு தகுதியாக்கிக்கொண்டோம் என்று சந்தேகப்படுகிறேன்.

சோழமண்டலத்தின் மீது எனக்குள்ள குறையையும் சொல்லிவிடுகிறேன். அது ஒரு தலைமுறைக்கான ஏற்பாடாக நின்றுவிட்டது. நிலம் அளவுள்ளது. வந்தவர்கள் வீடு கட்டினார்கள், குடும்பமானார்கள், இடம் நிறைந்துவிட்டது. பணிக்கர் 1977இல் காலமானார். மணல் மேடாக இருந்த இடத்தைத் தொட்டுக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது, நிலத்தின் விலை எந்த ஓவியனின் கனவையும் தாண்டிப் போயிற்று. 2009இல் அங்கே சென்னை இயக்கத்தின் ஓவியங்களுக்கான அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அவசியமான காரியம். அதை நடத்திக் காத்தவர்களில் முக்கியமானவரான நந்தகோபாலும் 2017இல் போய்விட்டார். ஆனால் அருங்காட்சியகம் என்பது வந்து சேர்ந்தவர்களுக்கானது, வரப்போகிறவனுக்கானது அல்ல. இன்று கலைக் கல்லூரியிலிருந்து கையில் சுருளோடு வெளியே வரும் பையனுக்கு ஈஞ்சம்பாக்கம் ஒரு சரித்திரம். அவனுடைய ஈஞ்சம்பாக்கத்தை அவனும் அவன் கூட்டாளிகளும்தான் வேறெங்காவது, வேறு விதமாகச் செய்துகொள்ள வேண்டும். அவர்களுக்குக் கிடைப்பது நிலமல்ல, அந்த உபாயம் மட்டுமே: விற்பதை வைத்து விற்காததைக் காப்பாற்று. சேர்ந்து செய். பங்கு போட்டுத் தின்றுவிடாதே.

போன மாதம் அந்தச் சுருளைப் பிரித்துப் பார்த்தேன். ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. கரையான் தொடவில்லை. பதினொரு தாள்கள். ஒன்றில் மான்ஷன் மாடியிலிருந்து தெரியும் கூரைகள், எதிர்வீட்டுக் கொடியில் ஒரு வேட்டி, எல்லாம் ஏழெட்டுக் கோடுகளில். நன்றாகத்தான் இருக்கிறது. இன்னொன்றில் கால் சரியாக விழவில்லை. அதை அன்றைக்கே அவனிடம் சொல்லியிருக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். எனக்கு அப்போது படம் பார்க்கத் தெரியாது.